நிறுத்தத் தெரிந்த ஊர்

திருப்பரங்குன்றத்தில் பங்குனித் தேரோட்டத்தன்று வடம் பிடிக்க ஆயிரக்கணக்கில் கூட்டம் சேரும். தேர் அசைந்ததும் எழுகிற முழக்கத்தில் எல்லார் கண்ணும் மேலே, சாமியிலும் கலசத்திலும் இருக்கும். கீழே பார்த்துக்கொண்டு நடப்பவர்கள் சில பேர்தான். சக்கரத்துக்கு ஒரு முழத் தூரத்தில், முதுகை வளைத்து, இரண்டு கையிலும் மரக்கட்டையைத் தாங்கியபடி தேரோடு தேராக வருகிறவர்கள் அவர்கள். தேரை இழுக்க யார் வேண்டுமானாலும் வரலாம். வடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனாலும் போதும். நிறுத்துகிற வேலையை மட்டும் எல்லார் கையிலும் விட்டுவிட மாட்டார்கள். அதற்குப் பழகிய கை வேண்டும், பயப்படாத கால் வேண்டும்.

ஓட்டத்தைப் பற்றி நாம் நிறையப் பேசியாகிவிட்டது. எந்த வண்டி எவ்வளவு வேகம் போகும், எத்தனை குதிரைத்திறன் என்பதெல்லாம் சின்னப் பையனுக்குக்கூடத் தெரியும். அது எப்படி நிற்கிறது என்று கேட்பவர் குறைவு. எந்திரவியலில் ஆகப் பெரிய சிந்தனை செலவாகியிருப்பது நிறுத்துவதிலும், அடைப்பதிலும், தேய்மானம் இல்லாமல் தாங்குவதிலும்தான் என்பது என் எண்ணம். பிரேக்கும் வால்வும் பேரிங்கும் இல்லாமல் எந்த எஞ்சினாலும் பயனில்லை. அந்தச் சிந்தனையின் தடயங்களைப் பார்க்க வெளிநாட்டு அருங்காட்சியகத்துக்குப் போக வேண்டியதில்லை. மதுரையில் பழங்காநத்தத்திலிருந்து பசுமலை வழியாகத் திருப்பரங்குன்றம் போகிற சாலையைச் சுற்றியே அவை கிடக்கின்றன.

கட்டை போடுகிற கணக்கு

முட்டுக்கட்டை என்பது ஆப்பு வடிவத்தில் செதுக்கிய வைரம் பாய்ந்த மரம். பெரும்பாலும் புளிய மரம். ஒரு பக்கம் மெலிந்து, மறுபக்கம் தடித்திருக்கும். மெலிந்த பக்கம் சக்கரத்தைப் பார்க்கும்படி வைத்தால், உருண்டு வரும் சக்கரம் அதன்மேல் ஏறும். ஏறும்போது தேரின் எடையே கட்டையைத் தரையோடு சேர்த்து அழுத்தும். எடை கூடக் கூடப் பிடியும் இறுகும். வெளியிலிருந்து யாரும் அழுத்த வேண்டியதில்லை. நிறுத்த வேண்டிய பொருளின் கனத்தையே நிறுத்தும் விசையாக மாற்றிவிடுகிற இந்த யோசனை மிக உயர்ந்த யோசனை.

ஆனால் எடுத்த எடுப்பில் பெரிய கட்டையைப் போட்டுவிடக் கூடாது. சக்கரம் சட்டென்று நிற்கும். மேலே மூங்கிலும் சீலையுமாக எழுந்து நிற்கும் உடம்பு நிற்காது. அது முன்னால் சாயப் பார்க்கும், உச்சி ஆடும். அதனால் முதலில் சின்னக் கட்டை. சக்கரம் அதன்மேல் ஏறி நசுக்கிவிட்டுப் போகும். போகும்போது வேகத்தில் கொஞ்சத்தை அங்கேயே விட்டுவிட்டுப் போகும். அப்புறம் அதைவிடத் தடித்தது. கடைசியில் நிற்க வைக்கிற கட்டை. இதற்கிடையில் இடது சக்கரத்துக்கும் வலது சக்கரத்துக்கும் ஒரே நேரத்தில் கட்டை விழ வேண்டும். ஒரு பக்கம் முந்தினால் தேர் அந்தப் பக்கம் திரும்பிவிடும்.

திருப்புவதும் அப்படித்தான். தேருக்கு ஸ்டியரிங் கிடையாது. அச்சு அசையாமல் கட்டப்பட்டது. மதுரையில் சித்திரைத் தேர் கீழமாசி வீதியில் புறப்பட்டு நான்கு மாசி வீதிகளையும் சுற்றி நிலைக்கு வர வேண்டுமென்றால், நான்கு மூலையிலும் அந்தப் பெரும் எடையைத் தரையில் வழுக்கித்தான் திருப்பியாக வேண்டும். ஒரு பக்கச் சக்கரத்துக்குக் கட்டையைச் சாய்வாகக் கொடுத்து, வடத்தை மறுபக்கமாக இழுப்பார்கள். சக்கரம் கட்டையின் ஓரத்தை உரசிக்கொண்டு பக்கவாட்டில் நழுவும். சில ஊர்களில் இரும்புத் தகட்டில் கிரீஸைப் பூசிச் சக்கரத்தடியில் போடுவதும் உண்டு. ஒரு கை உராய்வைக் கூட்டுகிறது, இன்னொரு கை உராய்வைக் குறைக்கிறது. இரண்டும் சேர்ந்தால்தான் தேர் மூலை திரும்பும்.

திருவாரூர் ஆழித்தேருக்கு இரும்புச் சக்கரங்களையும் இரும்பு அச்சையும் ஹைட்ராலிக் பிரேக்கையும் திருச்சி பெல் நிறுவனம் செய்து கொடுத்தது பலருக்குத் தெரியும். உயர் அழுத்தக் கொதிகலன் செய்கிற தொழிற்சாலை, கோயில் தேருக்குப் பிரேக் வடிவமைத்தது நம் பொறியியல் வரலாற்றில் பெருமையான பக்கம். அந்தத் தேருக்கும் முட்டுக்கட்டை போடுகிறவர்கள் இன்னும் கூடவே நடக்கிறார்கள். அவர்களை வேண்டாம் என்று சொல்ல யாரும் துணியவில்லை, துணியாததே சரி.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். தேரின் எடை 100 டன் என்றும், அது வினாடிக்கு 1 மீட்டர், அதாவது ஆள் நடக்கிற வேகத்தில் போகிறது என்றும் வைத்துக்கொள்வோம். நிறுத்துவதற்கு அதிலிருந்து வெளியே எடுக்க வேண்டிய ஆற்றல் 50,000 ஜூல். இப்போது அதே சாலையில் திருமங்கலத்திலிருந்து வருகிற பஸ். ஆட்களோடு 15 டன், வேகம் மணிக்கு 60 கிலோமீட்டர். கணக்கு 20 லட்சம் ஜூலைத் தாண்டுகிறது. தேரைப்போல 40 மடங்கு! தேரின் எடையில் ஆறில் ஒரு பங்குகூட இல்லாத பஸ், வேகத்தால் மட்டும் அத்தனை ஆற்றலைச் சுமந்துகொண்டு ஓடுகிறது. டிரைவர் பிரேக்கை மிதித்தால் மூன்று நான்கு வினாடிக்குள் அது முழுவதும் வெப்பமாக மாறி, சக்கரத்துக்குள் இருக்கும் நான்கு டிரம்களில் இறங்க வேண்டும். அந்த வெப்பத்தில் ஏழு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கலாம். பசுமலை நிறுத்தத்தில் பஸ் வந்து நின்றதும் பின்சக்கரத்துப் பக்கம் அனலடிக்கிறதே, அது இந்தக் கணக்கின் மிச்சம்.

பஸ் ஓட்டிய வீட்டில் பிரேக்

மதுரைக்காரர்களிடம் பஸ்ஸைப் பற்றிப் பேசினால் பேச்சு டி.வி.எஸ்ஸில் போய் நிற்கும். டி.வி. சுந்தரம் ஐயங்கார் 1877-ல் திருக்குறுங்குடியில் பிறந்தவர். சட்டம் படித்தார், ரயில்வேயிலும் வங்கியிலும் உத்தியோகம் பார்த்தார். எல்லாவற்றையும் விட்டுவிட்டு 1911-ல் தொழிலில் இறங்கினார். மாட்டு வண்டிக்காகப் போட்ட சாலையில் மோட்டார் பஸ்ஸை ஓட்டினார். அவருடைய பஸ்ஸைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருப்பி வைக்கலாம் என்ற பேச்சு இன்றைக்கும் மதுரைப் பெரியவர்கள் வாயில் இருக்கிறது. மாட்டு லாடத்திலிருந்து உதிர்ந்த ஆணிகள் டயரைக் கிழிக்காமலிருக்கக் காந்தம் கட்டிய வண்டியைச் சாலையில் விட்டு ஆணி பொறுக்கினார்கள் என்றும் சொல்வதுண்டு. இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் கிடைக்காமல் போனபோது, கரியை எரித்து வரும் வாயுவில் பஸ்ஸை ஓட்டும் கேஸ் பிளான்ட்டை அந்த நிறுவனமே வடிவமைத்துச் செய்தது. இது வரலாற்றில் பதிவான செய்தி.

நேரம் தவறாமல் பஸ் ஓட்டுவதற்கும் பிரேக்குக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். நேரடியான சம்பந்தம். தன் பிரேக்கை நம்புகிற டிரைவர்தான் கடைசி வரை வேகத்தைக் குறைக்காமல் வருவார். நம்பிக்கை இல்லாதவர் முந்நூறு மீட்டருக்கு முன்னாலேயே காலை எடுத்துவிடுவார். அந்தக் காலத்து மோட்டார் வண்டிகளில் பிரேக் பின்சக்கரத்துக்கு மட்டும்தான். மிதிக்கட்டையிலிருந்து இரும்புக் கம்பிகள் போய் இழுக்கும். பிரான்ஸில் லூயி ரெனோ டிரம் பிரேக்கைக் கொண்டுவந்தது 1902-ல். அமெரிக்காவில் மால்கம் லாக்ஹீட் எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் பிரேக்கைச் செய்து, 1921-ல் டூசன்பெர்க் கார் அதைப் பூட்டிக்கொண்டு வந்தது. கம்பியில் இழுத்தால் நான்கு சக்கரமும் ஒரே அளவுக்குப் பிடிப்பது அபூர்வம். எண்ணெயில் அழுத்தம் எல்லாப் பக்கமும் சமமாகப் பரவும். தேர்ச்சக்கரத்தில் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் கட்டை போட வேண்டிய அதே பிரச்சினைக்குக் குழாய்வழித் தீர்வு இது.

பிரேக்கில் தேய்வதற்கென்றே ஒரு பொருள் வேண்டும் என்பதைக் கண்டவர் இங்கிலாந்தின் ஹெர்பர்ட் ஃப்ரூட். 1897-ல் தொடங்கிய அவருடைய ஃபெரோடோ நிறுவனம், லைனிங் என்ற பொருளையே தொழிலாக்கியது. பின்னாளில் அந்த லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் சேர்ந்தது. சூட்டைத் தாங்கும், மலிவானது. ஆனால் அதன் தூசி நுரையீரலுக்குள் போனால் பல ஆண்டுகள் கழித்துக் கொல்லும். இப்போது ஆஸ்பெஸ்டாஸ் இல்லாத லைனிங் தாராளமாகக் கிடைக்கிறது. இருந்தும் சாலையோரப் பட்டறைகளில் டிரம்மைக் கழற்றியதும் காற்றுக் குழாயைப் பிடித்துத் தூசியை ஊதித் தள்ளும் பழக்கம் போகவில்லை. ஈரத்துணியால் துடைத்தெடுக்க ஐந்து நிமிடம் கூடுதலாகும். அந்த ஐந்து நிமிடத்தைக் கேட்டு வாங்க வேண்டியது வண்டிக்காரர்களாகிய நாம்தான். ஊதுகிறவன் பதினெட்டு வயதுப் பையன், அவனுக்கு யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள்.

சுதந்திரத்துக்குப் பிறகு உதிரிபாகங்களை இங்கேயே செய்ய வேண்டும் என்று அரசு நெருக்கியது. இறக்குமதிக்கு வழி அடைபட்டது. அந்த நேரத்தில் டி.வி.எஸ். குடும்பம் எதையெல்லாம் செய்யத் தேர்ந்தெடுத்தது என்பதைக் கவனியுங்கள். 1962-ல் சென்னை பாடியில் பிரேக்ஸ் இந்தியா. ஹைட்ராலிக் பிரேக் செய்ய. அதே ஆண்டு அதே பாடியில் சுந்தரம் கிளேட்டன். லாரிக்கும் பஸ்ஸுக்கும் ஏர் பிரேக் செய்ய. பிற்பாடு சுந்தரம் பிரேக் லைனிங்ஸ். கூட்டுக்கு வந்தவை பிரிட்டிஷ் நிறுவனங்கள். தொழில்நுட்பமும் அங்கிருந்து வந்ததுதான். ஆனாலும் அரை நூற்றாண்டு தென்மாவட்டச் சாலைகளில் பஸ்ஸை ஓட்டி, எது முதலில் தேய்கிறது, எது எப்போது கைவிடுகிறது என்று தினமும் பட்டறையில் பார்த்த வீட்டுக்குத்தான் இந்தத் தேர்வு தோன்றியிருக்கும் என்று நான் நினைக்கிறேன். சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு 1998-ல் ஜப்பானின் டெமிங் பரிசை வாங்கியது. அந்தப் பரிசைப் பெற்ற முதல் இந்திய நிறுவனம் அது. அந்தப் பிரிவு கை மாறி இன்று இசட்.எஃப். பெயரில் நடக்கிறது. மதுரையில் ஓடிய டி.வி.எஸ். பஸ்களோ 1972-ல் அரசுடைமையாகிப் பாண்டியன் ரோடுவேஸ் ஆயின. ஓட்டிய கை அரசிடம் போனது, நிறுத்தும் தொழில் அப்போது குடும்பத்திடம் நின்றது.

காற்று போனால் பிடிக்கும்

பஸ் நின்றதும் கேட்கும் அந்த ‘புஸ்’ சத்தம் நமக்குப் பழகிப்போனது. அந்தச் சத்தத்தின் பின்னால் இருக்கும் அமைப்பைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும்.

எஞ்சின் ஓடும்போதே ஒரு கம்ப்ரஸர் காற்றை இழுத்து, சதுர சென்டிமீட்டருக்கு ஏழெட்டுக் கிலோ அழுத்தத்தில் டாங்கில் அடைத்து வைக்கிறது. டிரைவர் மிதிப்பது காற்றுக்கு வழி திறக்கிற வால்வைத்தான். சக்கரத்தை நிறுத்துகிற பலம் காற்றினுடையது. காற்று குழாய்வழி ஓடி, சக்கரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் வட்டமான சேம்பருக்குள் புகும். அதற்குள் ரப்பர் டயாபிரம் ஒன்று. அதன் பரப்பு 150 சதுர சென்டிமீட்டர் என்றால், 6 கிலோ அழுத்தத்தில் அது தள்ளும் விசை 900 கிலோ. அந்த விசை ஒரு தண்டைத் தள்ள, தண்டு ஸ்லாக் அட்ஜஸ்டரைத் திருப்ப, அதன் முனையில் எஸ் என்ற ஆங்கில எழுத்தைப்போல வளைந்த கேம் திரும்பி, இரண்டு பிரேக் ஷூக்களையும் விரித்து டிரம்மின் உட்புறத்தில் அழுத்துகிறது. லைனிங் தேயத் தேயத் தண்டு நகர வேண்டிய தூரம் கூடிக்கொண்டே போகும். அதைச் சரிசெய்து வைப்பதுதான் ஸ்லாக் அட்ஜஸ்டரின் வேலை. மெக்கானிக் வண்டிக்கடியில் மல்லாந்து படுத்து ஸ்பேனரால் அதைத் திருப்பும்போது அவர் அளப்பது ஒன்றிரண்டு சென்டிமீட்டர்தான். அந்த ஒன்றிரண்டு சென்டிமீட்டரில் ஐம்பது பேர் உயிர் இருக்கிறது.

நீளமான பஸ்ஸில் காற்று பின்சக்கரம் வரை போய்ச் சேர நேரமாகும். அரை வினாடி தாமதம் என்றால் 60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி எட்டு மீட்டர் ஓடிவிடும். இதற்காகப் பின்சக்கரத்துக்குப் பக்கத்திலேயே தனி டாங்கும் ரிலே வால்வும் வைத்தார்கள். டிரைவரின் காலிலிருந்து வருவது கொஞ்சம் காற்று; அது ஒரு கட்டளை மட்டும். கட்டளை வந்ததும் ரிலே வால்வு பக்கத்து டாங்கிலிருந்து முழு அழுத்தத்தைத் திறந்துவிடும். பெடலை விட்டதும் சேம்பரில் இருந்த காற்று வெளியேறுகிறது. நாம் கேட்பது அந்தச் சத்தம்.

இந்த எல்லா வால்வுக்கும் மூத்தவர் அமெரிக்காவின் ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ். 1869-ல் அவர் ரயிலுக்கு ஏர் பிரேக் செய்தார். எஞ்சினிலிருந்து காற்றை அனுப்பினால் எல்லாப் பெட்டியிலும் பிரேக் பிடிக்கும். அதில் பெரிய ஆபத்து இருந்தது. நடுவில் குழாய் அறுந்தாலோ பெட்டி கழன்றாலோ காற்று போகும், பிரேக்கும் போகும். எப்போது பிரேக் மிக அவசியமோ அப்போது அது இருக்காது. மூன்று ஆண்டில் அவர் யோசனையைத் தலைகீழாகத் திருப்பினார். குழாயில் எப்போதும் காற்று நிரம்பியிருக்கட்டும். அது நிரம்பியிருக்கும்வரை பிரேக் விலகி நிற்கட்டும். காற்று குறைந்தால் பெட்டிக்குப் பெட்டி சேமித்து வைத்த காற்று பாய்ந்து பிரேக் தானாகப் பிடிக்கட்டும். இதற்காக அவர் செய்த டிரிபிள் வால்வுதான் இந்தத் துறையின் ஆகச் சிறந்த கண்டுபிடிப்பு என்பேன். பசுமலையைத் தொட்டபடி போகும் தூத்துக்குடி ரயில் பாதையில் இன்று ஓடும் வண்டிகளின் பிரேக் குழாயிலும் 5 கிலோ அழுத்தம் இருந்துகொண்டே இருக்கிறது. அபாயச் சங்கிலியை இழுத்தால் நடப்பதும் அந்தக் காற்றைக் கொஞ்சம் வெளியே விடுவதுதான்.

பஸ்ஸில் கைப்பிரேக்குக்கு இதே தத்துவம். பின்சக்கரச் சேம்பருக்குள் வலிமையான ஸ்பிரிங் ஒன்று சுருண்டிருக்கும். காற்று அதை அமுக்கிப் பிடித்திருக்கும்வரை சக்கரம் சுற்றும். காற்று போனால் ஸ்பிரிங் விரிந்து பிரேக்கைப் பிடித்துக்கொள்ளும். காலையில் பஸ்ஸை எடுக்கும்போது டிரைவர் அழுத்தமானியைப் பார்த்தபடி எஞ்சினை ஓடவிட்டுக் காத்திருப்பது இதற்காகத்தான். அழுத்தம் ஏறாமல் வண்டி நகராது. டாங்கின் அடியிலிருக்கும் வால்வைத் திறந்து, இரவில் தேங்கிய நீரை வடித்துவிடுவதும் அப்போதுதான். அந்த ஈரம் உள்ளே தங்கினால் வால்வு துருப்பிடிக்கும், ரப்பர் கெடும்.

இத்தனை இருந்தும் கொடைக்கானல் மலையிலிருந்தோ போடிமெட்டிலிருந்தோ இறங்கும் லாரியில் ஒரு மரக்கட்டை இன்னும் இருக்கிறது. வண்டி ஏற்றத்தில் நின்றால் கிளீனர் குதித்திறங்கிப் பின்சக்கரத்துக்கு அதைக் கொடுப்பார். நீண்ட இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் டிரம் சூடேறி விரியும், லைனிங் பிடிப்பை இழக்கும், பெடல் மிதிபட்டும் வண்டி நிற்காது. எந்த கியரில் ஏறினாயோ அந்த கியரில் இறங்கு என்பது மலை டிரைவர்கள் புதியவருக்குச் சொல்லும் முதல் பாடம். எஞ்சினையே பிரேக்காக்கிக்கொள்கிற பாடம் அது.

களிமண்ணில் இருந்த ஆலை

பசுமலைக் குன்றின் மேலே இன்று நட்சத்திர ஓட்டலாக இருக்கும் பழைய பங்களா, மதுரா மில் என்ற நூற்பாலையின் வெள்ளைக்கார நிர்வாகிகள் குடியிருந்த இடம். மில்லுக்கும் பேரிங்குக்கும் உள்ள உறவை இங்கே சொல்லாமல் போக முடியாது.

அந்தக் காலத்து நூற்பாலையில் ஒவ்வொரு எந்திரத்துக்கும் தனி மோட்டார் கிடையாது. ஒரே பெரிய எஞ்சின். அதிலிருந்து கூரையடியில் ஆலையின் நீளத்துக்கும் ஓடும் நீண்ட ஷாப்ட். அதிலிருந்து பெல்ட்டுகள் இறங்கிக் கதிர்களைச் சுற்றும். ஷாப்ட் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். கட்டடம் கொஞ்சம் இறங்கினாலும் ஷாப்ட் வளையும், பேரிங் சூடேறித் தேய்ந்து உடையும். ஸ்வீடனின் கோத்தன்பர்க் நகரில் ஒரு நூற்பாலை களிமண் நிலத்தில் நின்றது. அங்கே பொறியாளராக இருந்தவர் ஸ்வென் விங்க்விஸ்ட். தரை இறங்குவதை அவரால் தடுக்க முடியாது. ஷாப்ட் சாய்ந்தாலும் சேர்ந்து சாய்ந்துகொள்ளும் பேரிங்கைச் செய்தார். இரண்டு வரிசைக் குண்டுகள். வெளி வளையத்தின் உட்புறம் கோளத்தின் உட்குழிவு. உள்வளையம் சில டிகிரி சாய்ந்தாலும் குண்டுகள் சுகமாக உருளும். 1907-ல் வந்த அந்தப் பேரிங்கிலிருந்துதான் எஸ்.கே.எஃப். பிறந்தது.

வண்டிச் சக்கரத்துக்கு வேறு கதை. வண்டி வளைவில் திரும்பும்போது சக்கரத்தின் மேல் எடை மட்டும் விழுவதில்லை, பக்கத்திலிருந்தும் தள்ளல் வரும். மாட்டு வண்டியில் அதைத் தாங்கியது குடத்தின் ஓரமும் கடையாணியும். உரசலைக் குறைக்க வண்டி மை போடுவார்கள். வாரத்துக்கொரு முறை மை போட மறந்த வண்டி ஊருக்கு வெளியிலேயே கிரீச்சிட்டுத் தன் வருகையைச் சொல்லும். அமெரிக்காவில் குதிரை வண்டி செய்துவந்த ஹென்றி டிம்கன் இதே பிரச்சினைக்கு 1898-ல் காப்புரிமை வாங்கினார். குண்டுக்குப் பதில் ஒரு பக்கம் சிறுத்த உருளைகள். அவை சாய்வாக உட்காருவதால் மேலிருந்து வரும் எடையையும் பக்கத் தள்ளலையும் சேர்த்துத் தாங்கும். இன்றைய பஸ்ஸின் முன்சக்கரத்தைக் கழற்றினால் கிரீஸுக்குள் உட்கார்ந்திருப்பது அந்தக் குதிரை வண்டிக்காரரின் பேரிங்தான்.

எஞ்சினின் சுழற்சியைப் பின்சக்கரத்துக்குக் கொண்டுபோகும் ஷாப்டில் இருக்கும் ஜாயின்ட் கிராஸைப் பற்றியும் இரண்டு வரி. கியர்பாக்ஸ் சேஸிஸோடு நிற்கிறது, பின் அச்சு ஸ்பிரிங்கோடு குதிக்கிறது. நடுவில் சுற்றும் ஷாப்ட் கோணம் மாற மாறச் சுற்ற வேண்டும். பதினேழாம் நூற்றாண்டில் ராபர்ட் ஹூக் பயன்படுத்திய சிலுவை வடிவ இணைப்புதான் இன்றும் அங்கே இருக்கிறது. அதில் ஒரு குறை: கோணத்தில் சுற்றும்போது வேகம் ஒரு சுற்றுக்குள்ளேயே கூடிக் குறையும். இரண்டு கிராஸைச் சரியான நிலையில் எதிரெதிராகப் பூட்டினால் ஒன்றின் குறையை மற்றது கழித்துவிடும். ஷாப்டைக் கழற்றிப் பூட்டும்போது மெக்கானிக் அம்புக்குறியைப் பார்த்துச் சேர்ப்பது இதற்காக.

கண்மாய்க்குள் ஒரு வால்வு

இதுவரை சொன்னவற்றில் பெரும்பகுதி கடந்த இருநூறு ஆண்டுக்குள் வந்தவை. அவற்றைவிட மிகப் பழைய வால்வு ஒன்றும் இங்கே உண்டு. பசுமலையைச் சுற்றி மாடக்குளம், தென்கால், நிலையூர் என்று கண்மாய்கள் இருக்கின்றன. வைகைத் தண்ணீரை வாங்கிச் சேர்த்து வைத்து, வயலுக்கு அளந்துவிடும் ஏற்பாடு. அளந்துவிட வால்வு வேண்டும். பாண்டிய நாட்டுத் தச்சர்களும் கல் வேலைக்காரர்களும் அதற்குக் கண்டது குமிழித்தூம்பு.

கரையிலிருந்து உள்ளே தள்ளி, தண்ணீருக்குள் இரண்டு கல்தூண்கள் நிற்கும். தூண்களுக்குக் குறுக்கே கற்சட்டங்கள். சட்டத்தின் நடுவில் ஓட்டை. அடியில், தரைமட்டத்தில், கல்லாலான தொட்டி. தொட்டியின் மூடிக்கல்லில் வட்டமான துளை. மேலே சட்டங்களின் ஓட்டை வழியாக இறங்கும் நீண்ட கழியின் முனையில் துளையை அடைக்கும் அடைப்பு. கழியைத் தூக்கினால் தண்ணீர் தொட்டிக்குள் இறங்கி, கரைக்கு அடியில் போட்ட கல்வாய்க்கால் வழியாக வயல் பக்கம் வெளிவரும். சட்டங்கள் இரண்டும் கழியை நேராகப் பிடித்திருக்கும். இன்றைய வால்வில் தண்டை நேராகப் பிடிக்கும் வழிகாட்டியின் வேலையை அந்தக் கற்சட்டம் செய்தது. தொட்டியின் பக்கவாட்டில் கீழே சிறு துளைகளை வைத்து, அடியில் படியும் வண்டலையும் தண்ணீரோடு வயலுக்கு அனுப்பிய அமைப்புகளும் உண்டு. கண்மாயும் தூர்ந்துபோகாது, வயலுக்கும் உரம்.

இதன் பின்னால் இருக்கும் கணக்கும் நுட்பமானது. நான்கு மீட்டர் ஆழத்தில் தண்ணீரின் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 400 கிராம். துளையின் விட்டம் 15 சென்டிமீட்டர் என்றால் அடைப்பின்மேல் விழும் விசை 70 கிலோ. ஓர் ஆள் மூச்சைப் பிடித்துத் தூக்கிவிடலாம். விட்டத்தை இரட்டிப்பாக்கி 30 சென்டிமீட்டர் ஆக்கினால் விசை 280 கிலோ. நான்கு பேர் சேர்ந்தாலும் தண்ணீருக்கு நடுவில் நின்றுகொண்டு தூக்க முடியாது. துளை எவ்வளவு அகலம் இருக்கலாம் என்பதைக் கண்மாய்த் தண்ணீரைத் திறந்துவிடும் நீர்ப்பாய்ச்சியின் தோள்வலிமையே வரையறுத்தது.

இலங்கையின் பழைய குளங்களில் இதைப்போன்ற வேலையைப் பெரிய அளவில் செய்யும் கிணறு போன்ற அமைப்பு உண்டு, சிங்களத்தில் பிஸோகொட்டுவ. அங்கே நீர்ப்பாசனப் பொறியாளராக இருந்த ஹென்றி பார்க்கர், 1909-ல் வெளிவந்த தம் நூலில், இன்றைய நீர்த்தேக்கங்களின் வால்வுக் கோபுரத்துக்கு அதுவே முன்னோடி என்று எழுதினார். நம் பக்கத்துக் குமிழிகளுக்கு அப்படி உட்கார்ந்து அளந்து எழுதிய பொறியாளர்கள் குறைவு. தூண்களில் இருக்கும் கல்வெட்டைப் படித்தவர்கள் இருக்கிறார்கள். யார் வெட்டிக் கொடுத்தார், எந்த அரசன் காலம் என்பது பதிவாகியிருக்கிறது. துளையின் விட்டம், தொட்டியின் ஆழம், கல்வாய்க்காலின் சரிவு, ஒரு நாழிகையில் எவ்வளவு தண்ணீர் போயிருக்கும் என்ற பொறியியல் பக்கம் பெரும்பாலும் வெற்றிடமாகவே இருக்கிறது. பல குமிழிகளின் தூண் ஒன்று சாய்ந்து, சட்டம் விழுந்து, தொட்டி மண்மூடிக் கிடக்கிறது. கரையைப் பலப்படுத்தும் வேலைக்கு மண்வெட்டும் எந்திரம் வருகிற நாளில் அதுவும் இருக்காது.

கருமுத்து தியாகராசர் 1957-ல் தொடங்கிய பொறியியல் கல்லூரி இதே திருப்பரங்குன்றத்தில் இருக்கிறது. எந்திரவியல் படிக்கும் பிள்ளைகள் ஒவ்வோர் ஆண்டும் புராஜெக்ட்டுக்குத் தலைப்பு தேடுகிறார்கள். மதுரை, சிவகங்கை, விருதுநகர், புதுக்கோட்டை மாவட்டக் கண்மாய்களில் எஞ்சியிருக்கும் குமிழிகளை எடுத்துக்கொள்ளலாம். தேவைப்படுவது டேப், தூக்குக் குண்டு, ஒரு லெவல் கருவி, ஊர் நீர்ப்பாய்ச்சி ஒருவர். அளந்த கணக்கை வைத்து ஒரு மாதிரியைச் செய்து, ஆய்வகத்தில் தண்ணீர் விட்டுப் பார்க்கலாம். தேருக்குக் கட்டை போடுகிறவர்கள் எந்தச் சரிவில் எந்தத் தடிமன் கட்டையை எடுக்கிறார்கள் என்பதையும் கூடவே நடந்து குறித்துவரலாம். அதுவும் நானறிந்தவரை இதுவரை யார் நோட்டிலும் ஏறவில்லை. சித்திரை, வைகாசியில் கண்மாய்கள் வற்றித் தொட்டியின் வாய் வெளியே தெரியும். ஐப்பசி மழை விழுவதற்குள் அளவெடுத்து முடிக்க ஐந்து மாதம் கிடைக்கும்.